அடுப்புக்கு லீவு

எட்டு மணி நேரம் நீராவிக்குள் நின்றுவிட்டு வருகிறவன், வீட்டுக்கு வந்ததும் இன்னொரு நெருப்பின் முன்னால் போய் நிற்க வேண்டும் என்றால் அவனுக்கு எப்படி இருக்கும்? அவன் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. பேசாமல் போய் நின்றான்.

ஒரு பெரிய சலவைக்கூடத்தில் அவனுக்கு வேலை. மருத்துவமனைகளிலிருந்தும் தங்கும் விடுதிகளிலிருந்தும் மலைமலையாக வந்து இறங்கும் விரிப்புகளையும் தலையணை உறைகளையும் தேய்த்து அடுக்க வேண்டும். கட்டில் அகலத்துக்கு ஒரு பிரஸ். அதன் மேல்பலகையை இழுத்து இறக்கினால் புஸ்ஸென்று ஆவி கிளம்பும், ஆள் காணாமல் போவான். ஆவி விலகும்போது முதலில் இரண்டு கைகள் தெரியும், அப்புறம் மூக்கு, அப்புறம் மிச்சம். ஆளும் ஒல்லி. அதனால் கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு ஆவி என்று பெயர் வைத்துவிட்டார்கள். காலை ஐந்து மணிக்கு அவன் உள்ளே நுழையும்போது, "ஆவி வந்துருச்சு, எல்லாரும் வேண்டிக்கோங்க" என்று யாராவது ஒருவர் சொல்வார். பன்னிரண்டு வருடமாக இதே கிண்டல். அவனும் பன்னிரண்டு வருடமாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஒரு மணிக்கு வேலை முடியும். ஒன்றரைக்குள் வீட்டில் இருக்க வேண்டும். அந்தக் கோடை தொடங்கியபோது அவன் மனைவி மருத்துவமனை வார்டில் உதவியாளர் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பிற்பகல் இரண்டிலிருந்து இரவு பத்து வரை. ஆக அவர்கள் முகத்தோடு முகம் பார்த்துக்கொள்வது மூன்றாம் மாடிக்குப் போகும் படிக்கட்டில்தான். அவன் ஏறி வருவான், அவள் இறங்கி வருவாள், நடுவில் ஏதாவதொரு படியில் சாவியும் சின்னவனும் கை மாறுவார்கள். "குடித்தனமே படிக்கட்டுலதான்" என்று அவள் சொல்லுவாள்.

பெரியவளுக்கு ஐந்து வயது. கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஆலோசனை சொல்வதால் வீட்டில் அவள் பெயர் மந்திரி. சின்னவனுக்கு இரண்டரை. பிறந்தபோது கன்னமும் வயிறுமாக இருந்தான்; அப்போது ஒட்டிய பெயர் உருண்டை. அந்தக் கோடையில் பெயர் மட்டும்தான் உருண்டையாக இருந்தது. விலா எலும்பு எண்ணுகிற மாதிரி ஆகிவிட்டிருந்தான்.

வீடு மொட்டைமாடிக்கு நேர் கீழே. பகல் முழுக்க வெயிலைக் குடித்த கூரை, சாயங்காலம் அதையெல்லாம் உள்ளே இறக்கும். சமையலறை என்று சொல்லப்பட்டது ஓர் ஆள் திரும்பி நிற்கிற இடம், வெளியே நீட்டிக் கட்டிய தகரக் கூரை, நோட்டுப்புத்தகம் அளவுக்கு ஒரு ஜன்னல். அதில் அடுப்பைப் பற்ற வைத்தால் பத்து நிமிடத்தில் சுவர் தொட முடியாது. மின்விசிறியைத் திருப்பி வைத்தால் அடுப்பு அணையும், திருப்பாவிட்டால் அவன் அணைவான். சோறு வெந்து, காய் வெந்து, தட்டில் போட்டு, விசிறி விசிறி ஆற வைத்து அவன் வெளியே வரும்போது மந்திரி தரையில் கன்னத்தை ஒட்டித் தூங்கியிருப்பாள். உருண்டை விழித்திருப்பான், ஆனால் வாயைப் பூட்டியிருப்பான். கெஞ்சினாலும் சரி, மிரட்டினாலும் சரி, கரண்டியை விமானமாகப் பறக்க விட்டாலும் சரி. 'சாப்பிட வா' என்ற சொல் காதில் விழுந்தாலே உதடு இரண்டும் உள்ளே போய்விடும். மூன்று வாரம் இப்படிப் போனது. தட்டுகள் வந்த மாதிரியே திரும்பின.

குழந்தைகள் நலக் கிளினிக்கில் எடை போட்ட அன்றுதான் நிலைமை கைமீறியது. நர்ஸ் அட்டையைப் புரட்டினாள். போன மாதம் பதினொன்று இருநூறு, இந்த மாதம் பத்து நானூறு. எண்ணூறு கிராம் காணோம். "நோய் ஒண்ணும் இல்லை. வெயில். உள்ளே போறது பத்தலை. மூணு வாரத்துல திரும்பக் கூட்டிட்டு வாங்க. அப்பவும் ஏறலேன்னா டாக்டர்கிட்ட பேசுவோம்" என்றாள்.

மறுநாள் படிக்கட்டில் மனைவி வழக்கத்தைவிட ஒரு நிமிடம் அதிகமாக நின்றாள்.

"அக்காகிட்ட பேசினேங்க."

அவனுக்கு அங்கேயே புரிந்துவிட்டது. அவளுடைய அக்கா மலையடிவாரத்து ஊரில் ஒரு பள்ளி விடுதியின் சமையற்கட்டை இருபது வருடமாக ஆள்கிறவள். இருநூறு பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு மூன்று வேளை. குளிர்ந்த ஊர், மரம் சூழ்ந்த வீடு, விடுதிக்கு விடுமுறை.

"கோடை முடியற வரைக்கும் ரெண்டையும் தன்கிட்ட விடச் சொல்றா. மூணு மாசம்தானே."

"நீ என்ன சொன்ன?"

"மூணு வாரம் பாக்கறேன்னு சொன்னேன். எடை ஏறலேன்னா அனுப்பிடறேன்னு." அவள் சாவியை அவன் கையில் வைத்தாள். "எனக்கு மட்டும் ஆசையா? நான் வேலையை விட்டா வீட்டு வாடகை யாரு தர்றது? கோபிச்சுக்காதீங்க."

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அவன் உருண்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு மிச்சப் படிகளை ஏறியபோது பழைய கோடை ஒன்றும் கூடவே ஏறி வந்தது. ஏழு வயதில் அவனையும் இப்படித்தான் அனுப்பினார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, இந்த ஒரு கோடைக்கு மட்டும் மாமா வீட்டில் இருக்கட்டும் என்று. மாமா நல்லவர், அத்தை நல்லவள், வயிற்றுக்குக் குறையில்லை. அந்தக் கோடை ஆறு வருடம் நீண்டது. பதின்மூன்று வயதில் திரும்பி வந்தவனுக்குத் தட்டு வைத்துவிட்டு அம்மா கேட்டாள்: "உனக்குக் காரம் ஆகுமா, ஆகாதா?" அவளுக்குத் தெரியவில்லை. யார்மேலும் தப்பில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி அவனுக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

மூணு மாசம்தானே என்று சொல்பவர்கள் மேல் அவனுக்கு நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து, சலவைக்கூடத்தில் ஒன்பது மணி இடைவேளை. துவைக்கிற இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளை எல்லோரும் துவைப்பு அக்கா என்பார்கள். அவளும் அவனும் துணி மூட்டைமேல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவள் வெள்ளரிக்காயை நீளமாகக் கீறி உப்புத் தடவிக் கொடுத்தாள். அவனிடம் ரொட்டியும் ஒரு கிண்ணம் தயிரும் இருந்தன.

"டப்பாவுல சோறு கொண்டுவரதையே விட்டுட்டியே ஆவி" என்றாள்.

"இந்தச் சூட்டுல எவனால சூடா திங்க முடியும்?"

சொன்னவன் மெல்லுவதை நிறுத்தினான். ஒரு மாதமாக அவன் வாயில் சுடச்சுட ஒன்றும் போகவில்லை. காலையில் பழம், இங்கே வெள்ளரியும் தயிரும், வீட்டில் பிள்ளைகள் ஒதுக்கியதை ஆறிப்போனபின் வழித்துப் போடுவது. தான் தொடாததை இரண்டு பச்சைப் பிள்ளைகளின் வாயில் ஊதி ஊதித் திணித்துக்கொண்டிருக்கிறான்.

"என்ன, கல்லைக் கடிச்சுட்டியா?" என்றாள் துவைப்பு அக்கா.

"இல்லைக்கா. மூளையைக் கடிச்சுட்டேன்" என்றான்.

அன்று பிள்ளைகள் மதியம் தூங்கி எழுந்ததும் இரண்டையும் கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். வெள்ளரிக்காய், வாழைப்பழம், ஒரு முலாம்பழம், தயிர், மெல்லிய தட்டை ரொட்டி ஒரு பொட்டலம், வேகவைத்து டின்னில் அடைத்த கொண்டைக்கடலை. வந்து எல்லாவற்றையும் முனகிக்கொண்டிருந்த சின்னக் குளிர்பெட்டியில் அடைத்தான். ஆறரை மணிக்கு ஒரு பழைய விரிப்பைத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, பால்கனிக் கதவுக்கு எதிரில் தரையில் விரித்தான். காற்று அதன்மேல் பட்டு வந்தால் கொஞ்சம் குளுமை. பக்கத்தில் காய்ந்த பாய்.

மந்திரி சமையலறையை எட்டிப் பார்த்தாள். "அப்பா, அடுப்பு பத்த வைக்கலையா?"

"இன்னைக்கு அடுப்புக்கு லீவு."

"அப்ப சாப்பாடு?"

உருண்டையின் உதடு உள்ளே போவதை அவன் கண்டான். அந்த ஒரு நொடியில், யோசிக்காமல், வாய்க்கு வந்ததைச் சொன்னான். "சாப்பாடெல்லாம் கிடையாது. நாம சலவை பண்ணப் போறோம்."

உதடு வெளியே வந்தது.

இந்த இடத்தில் அவன் தொழிலைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். பருத்தித் துணி மொடமொடவென்று காய்ந்துவிட்டால் எந்தப் பிரஸ்ஸுக்கும் மசியாது. அதை விரித்து, தண்ணீர் தெளித்து, இறுக்கமாகச் சுருட்டி, ஈரத்துணி சுற்றிக் கொஞ்ச நேரம் போட்டு வைக்க வேண்டும். ஈரம் எல்லா இழைக்கும் சமமாகப் போய்ச் சேரும். அப்புறம் சொன்னபடி கேட்கும். தட்டை ரொட்டியும் அந்த ரகம்தான். அந்த வெயிலில் பொட்டலத்தைப் பிரித்த ஐந்தாவது நிமிடம் அப்பளம்போல் முறுகிவிடும். அவன் ரொட்டியைப் பலகைமேல் விரித்தான். கொண்டைக்கடலையை நன்றாக மசித்து, எலுமிச்சை பிழிந்து, தயிர் விட்டுக் குழைத்து ரொட்டிமேல் பூசினான். துருவிய கேரட்டைத் தூவினான். "விரிச்சாச்சு. தெளிச்சாச்சு. இப்ப யாரு சுருட்டறது?"

இருவரும் சுருட்டினார்கள். வெந்நீரில் அலசிக் காயவைத்திருந்த மெல்லிய துணியை நனைத்து, சுருட்டியதை அதில் சுற்றி, பத்து நிமிடம் குளிர்பெட்டியில் வைத்தான். மந்திரி பெட்டிக்கு முன்னால் காவல் நின்றாள். வெளியே எடுத்தபோது ரொட்டி பூப்போல் இருந்தது. சின்னச் சின்ன வில்லைகளாக அறுத்து அடுக்கினான். "பெரிய விரிப்பு யாருக்கு, தலையணை உறை யாருக்கு?"

"எனக்கு உறை" என்று உருண்டை வாயைத் திறந்தான். திறந்த வாயில் அவனே எடுத்துப் போட்டுக்கொண்டான். ஒன்று. இரண்டு. மூன்றாவதை அக்காவின் தட்டிலிருந்து திருடினான். ஒரு மாதத்தில் அந்த வீட்டில் நடந்த முதல் திருட்டு. அவன் அதைக் கண்டும் காணாத மாதிரி முலாம்பழத்தை நறுக்கிக்கொண்டிருந்தான்.

அதிலிருந்து தினமும் சலவைதான். ஒரு நாள், மதியமே பாலில் ஊறப்போட்டுக் குளிர வைத்த ஓட்ஸ். மேலே மசித்த வாழைப்பழம். அதற்குப் பெயர் சோப்புநுரை. ஒரு நாள் பாலாடைக்கட்டித் துண்டும் தக்காளியும் வெள்ளரியும் தட்டில் ஒரே நேர்கோட்டில் வரிசையாக, அது கொடிக்கயிறு. ஒரு நாள் டின் மீனை முள் பார்த்து மசித்து ரொட்டியில் தடவியதும் உருண்டை மோந்து பார்த்துவிட்டு, "இது அழுக்குத் துணி" என்று தள்ளிவிட்டான். சரி, அது மறுபடி வரவில்லை. வேர்க்கடலை விழுதை மெலிதாகத் தடவியபோது விரலையும் சேர்த்து நக்கினான். திராட்சையை முழுசாக யார் கையிலும் கொடுக்க மாட்டான். ஒவ்வொன்றையும் நீளவாக்கில் நான்காகக் கீறுவான். தொண்டையில் சிக்கினால் என்ன ஆகும் என்று மனைவி வார்டில் பார்த்ததை ஒரு முறை சொல்லியிருந்தாள். தயிரும் பாலும் மேஜைமேல் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்காது. மிச்சம் இருந்தால் அவன் வயிற்றுக்கு. நாளாக ஆக மிச்சம் குறைந்தது. அவன் இன்னும் ஒல்லியானான் என்று துவைப்பு அக்கா சொன்னாள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, ஒன்றைத் தவிர. அது அவனுக்குத் தெரியாது.

இரண்டாவது வாரத்திலிருந்து தினமும் ஏழரைக்குப் பெரியம்மா போன் செய்வாள். அந்த நேரத்தில் அவன் குளியலறையில் உருண்டையின் தலையிலிருந்து தயிரைக் கழுவிக்கொண்டிருப்பான். போனை எடுப்பது மந்திரி.

"சாப்பிட்டியாடா கண்ணு?"

"இல்லை பெரியம்மா."

"தம்பி?"

"அவனும் சாப்பிடலை. சாப்பாடு கிடையாதுன்னு அப்பா சொல்லிட்டாரு."

"அடுப்புல என்ன இருக்கு?"

"அடுப்பு பத்தவே வைக்கலையே. அதுக்கு லீவு."

பெரியம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அப்ப இவ்வளவு நேரம் என்னடா பண்ணீங்க?"

"சலவை பண்ணோம் பெரியம்மா. நான் சுருட்டினேன். தம்பியும் சுருட்டினான்."

மந்திரி ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. அப்பா என்ன சொன்னாரோ அதையே சொன்னாள். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, ஆறு நாள் வரிசையாக. ஆறாவது நாள் பெரியம்மா போனை வைத்துவிட்டு, தங்கையிடம்கூடச் சொல்லாமல், மறுநாள் மதியப் பேருந்தைப் பிடித்தாள். சொன்னால் தங்கை அழுவாள், அழுகிறவளோடு பேசி ஒரு காரியம் ஆகாது என்பது அவள் அனுபவம்.

அவன் அன்று ரொட்டியை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. திறந்தால், மூன்று மாடி ஏறிய மூச்சிரைப்போடு அக்கா. தோளில் இரண்டு பெரிய பைகள், இரண்டும் காலி.

"வாங்கக்கா. என்ன திடீர்னு? சொல்லியிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பேனே."

"இருக்கட்டும் தம்பி." அவள் அவனைப் பார்க்கவில்லை. நேராகச் சமையலறைக்குள் போனாள். அடுப்பின்மேல் உள்ளங்கையை வைத்தாள். அடுப்பு தூசியோடு குளிர்ந்து கிடந்தது. "இது பத்தி எத்தனை நாளாச்சு?"

"பதினாலு நாளாச்சுக்கா" என்றான் அவன். குரலில் பெருமையே இருந்தது.

அக்கா திரும்பினாள். இருபது வருடமாக இருநூறு பிள்ளைகளின் வயிற்றுக்குப் பொறுப்பாக இருந்த முகம் அது. "பதினாலு நாள். வாயால சொல்றீங்க."

"என்னக்கா?"

"பிள்ளைகளைப் பட்டினி போட்டு, ராத்திரி துணி சுருட்ட விடறீங்களாமே. உங்க பொண்ணு தினம் சொல்றா. சரி, உங்க கஷ்டம் உங்களுக்கு. நான் குத்தம் சொல்ல வரலை. துணிமணியை எடுங்க. காலைல முதல் பஸ்ஸுக்கு நான் கூட்டிட்டுப் போறேன்."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரண்டு காலிப் பைகளும் தரையில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. அவன் மந்திரியைப் பார்த்தான்.

"நான் சரியாத்தானே சொன்னேன்?" என்றாள் மந்திரி. "நீங்கதான் சாப்பாடு இல்லைன்னு சொன்னீங்க."

"சரியாத்தான் சொன்ன. தப்பு என்னுது." அவன் அக்காவிடம் திரும்பினான். "அக்கா, பத்து நிமிஷம் உக்காருங்க. சலவையைப் பாத்துட்டு அப்புறம் திட்டுங்க."

அக்கா உட்கார்ந்தாள், ஆனால் பாயின் ஓரத்தில், எழுந்து போகத் தயாராக. அவன் குளிர்பெட்டியைத் திறந்தான். பிள்ளைகள் தங்கள் வேலையைத் தொடங்கினார்கள். உருண்டை புதிய ஆளைக் கண்டதும் தொழில் சுறுசுறுப்பு கூடி, சுற்றிய துணியை அவனே பிரித்து, "பாத்து, பாத்து" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ரொட்டி, கடலை மசியல், வெள்ளரி, நான்காகக் கீறிய திராட்சை, கடைசியில் சில்லென்று தயிரில் மாம்பழம். அக்காவின் கண் தட்டில் இல்லை, உருண்டையின் வாயில் இருந்தது. வாய் திறப்பதையும் மூடுவதையும் கணக்கெடுத்துக்கொண்டிருந்தாள். அது அவள் தொழில்.

உருண்டை மூன்றாவது முறை "இன்னும்" என்றபோது அக்கா வாயைத் திறந்தாள். "இது தீனி, தம்பி. சாப்பாடு இல்லை."

"இதுல என்ன குறையுதுக்கா? சொல்லுங்க, சேத்துடறேன்."

அவள் யோசித்தாள். விளையாட்டாக அல்ல, உண்மையாகவே யோசித்தாள். கடலையைத் தொட்டு நாக்கில் வைத்தாள். தயிரை முகர்ந்தாள். "ஒண்ணும் குறையலை" என்றாள் கடைசியில், ஏதோ ஏமாந்தவள் மாதிரி. "ஆனா நெருப்புல படாதது உடம்புல ஒட்டுமா? எனக்கு நம்பிக்கை இல்லை. நாலு வாய் தின்கிறது வேற, எடை ஏறுறது வேற."

"எடை போட இன்னும் அஞ்சு நாள் இருக்கு."

"அஞ்சு நாள் நான் இங்கே உக்காந்திருக்க முடியுமா? காலைலயே போடுவோம். ஏறியிருந்தா நான் வந்த வழியே போயிடறேன். இல்லேன்னா பிள்ளைங்க என்கூட. தங்கச்சிகிட்ட நான் சொல்லிக்கறேன்."

அந்த ஐந்து நாள் அவனுக்கு வேண்டும். ஐந்து நாள் என்றால் ஐந்து ராத்திரிச் சாப்பாடு, குறைந்தது இன்னும் கொஞ்சம் கிராம். அவன் தினமும் எத்தனையோ மூட்டைகளைத் தூக்குகிறவன். எந்த மூட்டை எத்தனை கிலோ என்று கை சொல்லிவிடும். மகனைத் தூக்கினால் மட்டும் கை எதையும் சொல்ல மாட்டேன் என்கிறது. கனம் கூடினது போலவும் இருக்கிறது, ஆசையில் அப்படித் தோன்றுகிறது போலவும் இருக்கிறது.

"சரிக்கா. காலைல போவோம்" என்றான்.

மறுநாள் ஒன்பது மணிக்கு, மேஸ்திரியிடம் இரண்டு மணி நேரம் பர்மிஷன் வாங்கிக்கொண்டு அவன் கிளினிக் வாசலுக்கு ஓடினான். மூன்று பெண்களும் ஒரு பையனும் ஏற்கெனவே பெஞ்சில் இருந்தார்கள். மனைவியின் கண் சிவந்திருந்தது. அக்காவும் தங்கையும் காலை முழுக்கப் பேசியிருக்கிறார்கள் என்பது தெரிந்தது. என்ன பேசினார்கள் என்று அவன் கேட்கவில்லை. மந்திரி மட்டும் எழுந்து வந்து அவன் காதில், "அப்பா, பயப்படாதீங்க. நான் அவனுக்குக் காலைல ரெண்டு வாழைப்பழம் குடுத்தேன்" என்றாள்.

நர்ஸ் அட்டையை எடுத்தாள். உருண்டை எடைப் பலகைமேல் ஒற்றைக்காலில் நின்றான். இறக்கினார்கள். ஏற்றினார்கள். பலகையில் உட்கார்ந்துகொண்டான். "அப்படியே இருக்கட்டும், உக்காந்தாலும் எடை அதேதான்" என்றாள் நர்ஸ். முள் ஆடியது. அவன் முள்ளைப் பார்க்காமல் சுவரில் ஒட்டியிருந்த பல் துலக்கும் படத்தைப் பார்த்தான்.

"பத்து அறுநூத்தி எழுபது" என்றாள் நர்ஸ். "இருநூத்தி எழுபது கிராம் கூடியிருக்கு."

"ரெண்டு வாழைப்பழத்தைக் கழிச்சா?" என்றாள் மந்திரி.

நர்ஸ் சிரித்துவிட்டாள். "கழிச்சாலும் கூடத்தான். இழந்தது முழுசா வரலை. ஆனா இறங்கினது நின்னு ஏற ஆரம்பிச்சிருக்கு, அதுதான் முக்கியம். ராத்திரி என்ன குடுக்கறீங்க?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அக்கா பதில் சொல்லத் தொடங்கினாள். விடுதியில் சாமான் கேட்டு எழுதிக்கொடுக்கிற அதே கண்டிப்பான குரல். கொண்டைக்கடலை இவ்வளவு, தயிர் இவ்வளவு, ரொட்டி இத்தனை வில்லை, பழம் என்னென்ன. ஒன்றைக்கூட விடவில்லை, கூட்டியும் சொல்லவில்லை. முடித்துவிட்டு, குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி, "எல்லாம் பச்சையா. அடுப்பே இல்லாம" என்றாள்.

"இந்த வெயிலுக்கு அதான் சரி. காலைல சூடு குறைவா இருக்கறப்ப ஒரு முட்டை வேகவெச்சுக் குடுங்க. போதும்."

"முட்டை நான் பாத்துக்கறேன்" என்றாள் மனைவி. பிறகு அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா. பிள்ளைங்க இங்கேயே இருக்கட்டும். என்னால அனுப்ப முடியாது."

அக்கா எடைப் பலகையிலிருந்து உருண்டையைத் தூக்கி இறக்கினாள். "அதைத்தான் நான் சொல்ல வந்தேன். நீ முந்திக்கிட்ட" என்றாள். முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. அவளும் அந்த மூன்று மாதத்தை நம்பித் தன் வீட்டில் இரண்டு சின்னக் கட்டில்களைத் துடைத்துப் போட்டு வைத்திருந்தாள். அதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. மனைவிதான் பிற்பாடு அவனிடம் சொன்னாள்.

வாசலில் அவன் உருண்டையை அக்காவின் கையில் கொடுத்தான். "இன்னைக்கே போகணுமாக்கா?"

"நாளைக்குப் போனாலும் ஒண்ணும் குடி முழுகாது." பிறகு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "அந்த ஈரத்துணி வித்தையை எனக்கு ஒரு தடவை காட்டுங்க. விடுதியில ரொட்டி காஞ்சு போயி தினம் ஒரு கூடை வீணாகுது" என்றாள்.

அவன் சலவைக்கூடத்துக்குத் திரும்பியபோது பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் விரிப்புகள் அவன் உயரத்துக்கு ஏறியிருந்தன. துவைப்பு அக்கா இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தாள்.

"என்னாச்சு ஆவி?"

"இருநூத்தி எழுபது கிராம்."

"ஏறிச்சா, இறங்கிச்சா?"

"ஏறிச்சு."

மேஸ்திரி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். அந்தக் கூடத்தில் எதைச் சொன்னாலும் துணிக்கணக்கில்தான் புரியும். "இருநூத்தி எழுபதுன்னா ஒரு முகத்துண்டு. ஒரு முகத்துண்டுக்கா ரெண்டு மணி நேரம் பர்மிஷன்?"

"காஞ்ச துண்டா, நனைஞ்ச துண்டான்னு கேளுங்க" என்றாள் துவைப்பு அக்கா.

"காஞ்சதுக்கா" என்றான் அவன். "நர்ஸ் வாழைப்பழத்தைக்கூடக் கழிச்சுட்டாங்க."

"அப்ப நிஜ எடைதான். விடுங்க மேஸ்திரி."

அவன் சிரித்துக்கொண்டே முதல் விரிப்பை உதறிப் போட்டான். பலகையை இழுத்து இறக்கினான், ஆவி எழுந்து அவனை மூடியது. அதற்குள் நின்றபடி அவன் கணக்குப் போட்டான்: அக்கா நாளைக்குத்தான் ஊருக்குப் போகிறாள். இன்று ராத்திரி நாலு பேர். கொண்டைக்கடலை இரண்டு டின் வேண்டும், இன்னொரு பொட்டலம் ரொட்டி, கொஞ்சம் பெரிய முலாம்பழமாக ஒன்று.